பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள் தூங்கிய கைகள்

பொன்னுக்கனியின் கைகள் இரண்டும் ஒரு வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, ஆவுடை மதினியின் இடது புருவத்துக்கு ஒரு விரற்கடை மேலே, நூலைப் பிடித்த பிடியிலேயே தூங்கிப்போயின. தூங்கின கைகள் மெல்ல இறங்கி அவள் மடியில் சாய்ந்து, ஒன்றின் மேல் ஒன்று கால் போட்ட மாதிரிக் கிடந்து, முதலில் வலது கையும், பிறகு வெட்கப்பட்டதுபோலக் கொஞ்சம் தணிந்த குரலில் இடது கையும், குறட்டை விட ஆரம்பித்தன.

ஆவுடை மதினி மூடின கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "ஏட்டி, யாரு இது குறட்டை விடுதது? உன் மாப்பிள்ளை இன்னும் எந்திரிக்கலையா?"

"அவுக லோடு ஏத்தப் போயாச்சு மதினி. இது என் கை."

"வலதா, இடதா?"

"ரெண்டும்."

"அப்பம் பல்லுல கடிச்சிருக்க நூலை முதல்ல விடு. அரைப் புருவத்தோட நான் எழுந்து போறதுக்கு ஒரு வழி பண்ணு" என்றாள் ஆவுடை மதினி, அதோடு எழுந்து முந்தானையை நெற்றிவரை இழுத்து விட்டுக்கொண்டு, ரேஷன் கடைக்குப் போய் வரிசையில் நின்று, சீனிக்கும் பருப்புக்கும் நடுவில் இந்தச் செய்தியையும் ஊருக்கு விநியோகம் பண்ணிவிட்டாள்.

அந்தக் கைகள் பதினோரு வருஷமாக வாகைநேரி பஜாரில், பாத்திரக் கடைக்கு மாடியில் இருந்த விஜிலா பியூட்டி பார்லரில் புருவம் எடுத்த கைகள். பிறை கேட்டவளுக்குப் பிறையும், வில் கேட்டவளுக்கு வில்லும், எடுத்தது தெரியவும் கூடாது ஆனால் அழகாயும் இருக்க வேண்டும் என்று கேட்ட டீச்சர்மார்களுக்கு அப்படியே ஒரு தெரியாத அழகும், மாமியாருக்குப் பயப்படுகிறவளுக்கு மாமியாரே பாராட்டுகிற மாதிரி ஒரு அடக்கமான வளைவும், ஆளுக்கு ஆள், கல்யாணத்துக்குக் கல்யாணம், நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறு முனையை இரண்டு விரல்களில் முறுக்கி, விருட் விருட்டென்று இழுத்து இழுத்து எடுத்துக் கொடுத்த கைகள். வாகைநேரியிலிருந்து கட்டிக்கொடுத்த பெண்கள் எந்த ஊரில் எந்தக் கூட்டத்தில் நின்றாலும் புருவத்தை வைத்தே ஊரைச் சொல்லிவிடலாம் என்று ஒரு பேச்சு இருந்தது. ஆனால் பெயர்ப்பலகையில் விஜிலா என்றுதான் இருந்தது. தன் பெயரை ஒரு பலகையில் எழுதிப் பார்க்க வேண்டும் என்று பொன்னுக்கனிக்குத் தோன்றி, அந்தத் தோன்றல் மூன்று வருஷம் உள்ளேயே கிடந்து ஊறி, கடைசியில் வைகாசியில் ஒரு புதன்கிழமை வேலையை விட்டு, முத்தாரம்மன் கோயில் தெருவில் தன் வீட்டு முன்னறையில் ஒரு நாற்காலியும் ஒரு கண்ணாடியும் போட்டு, "பொன்னுக்கனி அழகு நிலையம், பெண்களுக்கு மட்டும்" என்று ரோஸ் கலரில் எழுதி வாங்கி மாட்டினாள். மறுநாள்தான் கைகள் தூங்கின.

காரணத்தைத் தேடி வாகைநேரியில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. அக்ரிமென்ட் போட்ட கை அக்ரிமென்டை மதிக்கிறது, இதில் என்ன இருக்கிறது என்றார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் விஜிலா அவளை மணப்பெண் அலங்காரம் படித்துவர மதுரைக்கு ஒரு மாதம் அனுப்பி வைத்தாள். படித்துவிட்டுத் திரும்பின மறுநாள், "சும்மா ஒரு முறைக்குத்தான் பொன்னு" என்று முத்திரைத்தாளை நீட்டினாள். எழுதினவர் சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தர் சங்கரநயினார். அவர் வாழ்நாளில் நிலத்தைத் தவிர வேறு எதைப் பற்றியும் எழுதினவர் இல்லை. ஆகவே பொன்னுக்கனியையும் ஒரு நஞ்சையைப் போலத்தான் எழுதியிருந்தார். வடக்கே பெருமாள் கோயில் மதில், கிழக்கே காய்கறிச் சந்தை என்று பார்லருக்கு நான்கெல்லை சொல்லி, "மேற்படி பார்லரை விட்டு விலகிய நாள் முதல் இரண்டு வருஷ காலத்துக்கு, மேற்படி பார்லரை மையமாகக் கொண்ட பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள் மேற்படி கைத்தொழிலை நான் செய்யக் கடவதில்லை என்றும், இதனை என் சுயநினைவுடன், பிறர் தூண்டுதல் ஏதுமின்றி, மரவடை, நீர்ப்பாத்தியம், நிதி நிட்சேபம் உட்பட முழுமனதுடன் எழுதிக் கொடுத்தேன்" என்று முடித்து, வலது கையால் கையெழுத்தும் இடது கைப் பெருவிரல் ரேகையும் வாங்கியிருந்தார். அதனால்தான் இரண்டு கையும் என்று ஊர் கணக்குப் பண்ணியது.

அரசு ஆஸ்பத்திரி டாக்டர் இரண்டு கைகளையும் தனித்தனியாகச் சோதித்துவிட்டு, நல்ல தூக்கம், எழுப்ப வேண்டாம் என்றார். மற்றபடி அந்தக் கைகள் சோறு வடித்தன, துணி துவைத்தன, பூக் கட்டின, கணவன் கோமதிநாயகத்தின் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் தைத்தன. பொன்னுக்கனி அவற்றை ஏமாற்றிக்கூடப் பார்த்தாள். பூக் கட்டப்போகிறோம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நூலை எடுத்து, நாற்காலியில் சாய்ந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணின் முகத்துக்குப் பக்கத்தில் நைசாகக் கொண்டுபோனாள். புருவம் தெரிந்ததுதான் தாமதம், கொர்ர் என்றன.

ஊர் அந்தக் குறட்டையோடு ஒரு மாதத்தில் பழகிவிட்டது. பிள்ளை தூங்காத வீட்டுக்காரிகள் மதியம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, "எக்கா, கொஞ்சம் நூலைக் கையில எடேன்" என்று கேட்பார்கள். அவள் எடுப்பாள், கைகள் தூங்கும், அந்தச் சத்தத்தில் பிள்ளைகள் தூங்கும், பிள்ளைகளைப் பார்த்து அம்மாக்களும் கண் அசந்துவிடுவார்கள், அறை நிறையத் தூங்குகிறவர்கள் நடுவில் பொன்னுக்கனி மட்டும் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இது ஒரு பக்கம் என்றால், கையெழுத்து என்றாலே ஊருக்குப் பயம் வந்துவிட்டது. கூரியர்க்காரன் கையெழுத்து கேட்டால் கதவைச் சாத்தினார்கள். ஸ்கூலில் பிராக்ரஸ் ரிப்போர்ட் ஒன்றுகூடக் கையெழுத்தாகித் திரும்பவில்லை. பஞ்சாயத்துக் கூட்டத்துக்கு வந்தவர்கள் வருகைப் பதிவேட்டைப் பார்த்ததும் செருப்பைத் தேடினார்கள். சங்கரநயினாரைப் பார்த்து, "என்னவே, உம்ம எழுத்து இப்பிடி வேலை செய்யுது?" என்று கேட்டவர்களிடம் அவர், "முப்பது வருஷமா எழுதுதேன், நான் எழுதின எந்த நிலமும் இதுவரைக்கும் எந்திரிச்சு ஓடினதில்ல. அது மாதிரிதான் இதுவும்" என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொண்டார்.

பெருமைப்பட முடியாதவன் கோமதிநாயகம் ஒருவன்தான். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், பொன்னுக்கனியின் கணவன், மனைவியின் கைகள் மேல் அவனுக்குக் கோபம் இல்லை, ஆனால் அவனுடைய அண்ணன் திருப்பூரிலிருந்து வாரம் ஒருமுறை போன் பண்ணிக்கொண்டிருந்தான்.

"ஏளா, ஆவணி வரைக்கும் பார்ப்போம்" என்றான் அவன். "முதல் முகூர்த்தத்துக்குள்ள உன் கை முழிக்கலேன்னா கடையைக் கட்டிட்டுத் திருப்பூருக்குப் போயிருவோம். அண்ணன் பனியன் கம்பெனில பிசிறு வெட்டுத வேலைக்குச் சொல்லி வச்சிருக்கான்."

"பனியனுக்குப் புருவம் எடுக்கவா என்னைக் கூப்பிடுதீக?"

"பனியன் குறை சொல்லாதுல்லா."

அவள் சிரிக்கவில்லை. வாசலில் ரோஸ் கலர்ப் பலகை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பலகையைக் கழற்றி எந்த மூலையில் வைத்தாலும் தன் பெயர் அங்கே கிடந்து தன்னையே பார்க்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

ஆனி பிறந்து ஒரு நாள், ஆய்க்குடியில் இருந்த தங்கச்சியைப் பார்க்க டவுன் பஸ்ஸில் போனாள். பக்கத்து சீட்டில் ஒரு கல்லூரிப் பெண், இரண்டு புருவங்களும் மூக்குக்கு மேலே கைகோத்துக்கொண்டு நிற்கிற மாதிரி அடர்த்தியான முகம். அதைப் பார்த்த பழக்கதோஷத்தில் பொன்னுக்கனி பையிலிருந்து நூல்கண்டை எடுத்தாள், கைகள் உடனே மடியில் விழுந்து குறட்டை விட்டன, கண்டக்டர், "யாரும்மா அது, ஸ்டாப்புல இறங்கணும்னா தூங்காதீங்க" என்று கத்திக்கொண்டே போனார். பஸ் தெப்பக்குளத்தைத் தாண்டியது, ரைஸ் மில்லைத் தாண்டியது, லாரிகளை எடை போடுகிற எடை மேடைக்கு எதிரே ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அந்த ஏற்றத்தில் குறட்டை பாதியில் நின்றது. கைகள் இரண்டும் விழித்து, விரல் விரலாக நெட்டி முறித்து, ஒன்றையொன்று பார்த்து, கீழே கிடந்த நூலை எடுத்து, கேட்காமலே முறுக்கின.

"தங்கச்சி, கண்ணை மூடு" என்றாள் பொன்னுக்கனி.

"யாருக்கா நீங்க?"

"பொறவு சொல்லுதேன். மூடு."

ஆய்க்குடி வருவதற்குள் அந்தப் பெண்ணுக்கு இரண்டு புருவம் ஆகியிருந்தது, பின் சீட்டில் நான்கு பேர் எழுந்து நின்று வரிசை கட்டியிருந்தார்கள், கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மறந்துபோயிருந்தார்.

மறுநாள் கோமதிநாயகம் லோடு ஆட்டோவில் அவளை உட்கார வைத்து, கையில் நூலைக் கொடுத்து, ஊரிலிருந்து வெளியே போகிற எல்லாப் பாதைகளிலும் ஓட்டிப் பார்த்தான். எந்தப் பாதையில் போனாலும் பார்லரிலிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே குறட்டை நின்றது. பத்திரத்திலோ பத்து என்று இருந்தது. கைகள் ஏன் எட்டரை கிலோமீட்டரைத் தள்ளுபடி பண்ணின என்று டீக்கடையில் வாதம் நடந்தது. பெண்பிள்ளைக் கை, இரக்கம் பார்க்கும் என்றார் ஒருவர். அந்த வழியாக ஸ்கூட்டியில் போன மேல்நிலைப்பள்ளி கணக்கு டீச்சர் நவமணி இதைக் கேட்டு வண்டியை நிறுத்தி, பத்திர நகலோடு பொன்னுக்கனியைக் கூட்டிவரச் சொல்லி, வாங்கி ஒரு தடவை வாசித்தாள். இரண்டாம் தடவை வாசிக்கும்போது அவள் கண் கலங்கிவிட்டது.

"சுற்றளவுன்னு எழுதியிருக்காரு" என்றாள்.

"ஆமா டீச்சர். பத்து கிலோமீட்டர் தூரம்."

"தூரம் இல்லய்யா! சுற்றளவுன்னா வட்டத்தைச் சுத்தி வந்தா வர்ற நீளம். நடுவுல இருந்து ஓரத்துக்குப் போறது ஆரம். பத்து கிலோமீட்டர் சுற்றளவுள்ள வட்டத்துக்கு ஆரம் ஒண்ணு புள்ளி அஞ்சு ஒம்பதுதான். அந்த இடத்துலதான் கை முழிச்சிருக்கு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "இருபத்திரண்டு வருஷமா ஒம்பதாம் வகுப்புக்குச் சொல்லிச் சொல்லி நாக்குத் தள்ளிப்போச்சு. பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்கு மழை, பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்குச் சத்தம் கேட்டதுன்னு பேப்பர்ல போடும்போதெல்லாம் கடுதாசி எழுதியிருக்கேன், ஒருத்தன் பதில் போட்டதில்ல. இந்த ஊர்ல சுற்றளவுக்கும் ஆரத்துக்கும் வித்தியாசம் தெரிஞ்சது இந்த ரெண்டு கைக்கு மட்டும்தான்" என்று சொல்லி, பொன்னுக்கனியின் கைகளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அப்படித்தான் எடை மேடை பார்லர் உண்டாயிற்று. கோடு சரியாக எடை மேடையின் இரும்புத் தகட்டுக்கு நடுவில் ஓடியது. நவமணி டீச்சரே வந்து சாக்பீஸால் போட்டுக் கொடுத்தாள். ஆய்க்குடிப் பக்கத்துப் பாதியில் நாற்காலி. எடை மேடைக்காரர் தன் மகளின் கல்யாணத்தை நினைத்து இடம் கொடுத்தார். ஷேர் ஆட்டோக்கள் பஜாரில் நின்று, "எடை மேடை ஐப்ரோ! எடை மேடை ஐப்ரோ! ரெண்டு சீட்டு இருக்கு!" என்று கூப்பிட்டன. லாரி டிரைவர்கள் புருவம் முடிகிறவரை இன்ஜினை அணைத்துவிட்டுப் பொறுமையாக நின்றார்கள், சிலர் கூப்பிட்டுப் பேசி வரன்கூடப் பார்த்தார்கள். நாற்காலி அசைந்து ஒரு சாண் மேற்கே போய்விட்டால் கைகள் பொசுக்கென்று தூங்கிவிடும்; அப்படி ஒரு புருவத்தோடு மாட்டிக்கொண்டவளை நாற்காலியோடு சேர்த்து நான்கு பேர் தூக்கி இந்தப் பக்கம் வைப்பார்கள். பொன்னுக்கனிக்குப் பேர் வந்துவிட்டது, ஆனால் அவளுடைய பலகை மட்டும் முத்தாரம்மன் கோயில் தெருவிலேயே, கடையில்லாத கடைக்கு மேலே, தொங்கிக்கொண்டிருந்தது.

விஜிலா இரண்டு வாரம் பொறுத்தாள். உயரமான, எப்போதும் மடிப்புக் கலையாத சேலை கட்டுகிற, பேசும்போது எதிராளியின் புருவத்தைப் பார்த்துப் பேசுகிற பெண்பிள்ளை அவள். மூன்றாவது வாரம் சங்கரநயினாரையும் ஒரு புது முத்திரைத்தாளையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எடை மேடைக்கு வந்து இறங்கினாள்.

"பிழைத்திருத்தல் பத்திரம்" என்றார் சங்கரநயினார். "சுற்றளவுங்கத எடுத்துட்டு ஆரம்னு போட்டிருக்கு. வேற ஒண்ணுமில்ல. ஒரே ஒரு வார்த்தை."

"பொன்னு, நான் மனசுல நெனச்சது பத்து கிலோமீட்டர் தூரம்தான், உனக்கே தெரியும்" என்றாள் விஜிலா.

"நீங்க மனசுல நெனச்சதுல நான் கையெழுத்துப் போடலையே அக்கா."

"மதுரைக்கு அனுப்பிப் படிக்க வச்சது யாரு?"

"நீங்கதான். அதுக்குப் பொறவு ஆறு வருஷம் வந்த அத்தனை கல்யாணப் பொண்ணுக்கும் அலங்காரம் பண்ணினது யாரு?"

விஜிலா அவள் புருவத்தையே பார்த்தாள். பிறகு, "இங்கயே நீ எத்தனை நாளைக்கு லாரிக்கு நடுவுல உக்காந்திருப்பேன்னு பாக்கேன்" என்றாள், ஆட்டோவில் ஏறப்போனவள் திரும்பி, "கை ஒழுங்கா இருக்குல்லா?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டவளாகப் போய்விட்டாள்.

விஜிலா ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. எடை மேடையே செய்துவிட்டது. ஆடி மாதக் கடைசியில் பருத்தி ஏற்றிய லாரி ஒன்று எடை போட்டுக்கொண்டு ராஜபாளையம் பக்கம் ஒரு மில்லுக்குப் போய்ச் சேர்ந்தபோது, சீட்டில் இருந்த எடையைவிடப் பருத்தி நூற்று ஐம்பது கிலோ குறைந்தது. எடை போட்ட நேரத்தில் மேடையின் அந்தப் பாதியில் ஆவுடை மதினியும் அவளுடைய சம்பந்தியும் உட்கார்ந்திருந்தார்கள். மேடைக்காரர் கைகூப்பிக்கொண்டு வந்தார்.

"தாயி, நீங்க நல்லா இருக்கணும். ஆனா மில்லுக்காரங்க கேக்காங்க, பருத்திக்கு நடுவுல ரெண்டு பொம்பளையாளு எங்கேன்னு. நான் என்ன பதில் சொல்ல? இந்த வெள்ளிக்கிழமையோட நாற்காலியை எடுத்திருங்க."

எடை மேடைக்கு அப்பால் காற்றாலைகளும் கரிசலும்தான். ஆவணி முதல் முகூர்த்தத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. கோமதிநாயகம் திருப்பூருக்கு இரண்டு டிக்கெட் போட்டுவிட்டு வந்தான்.

கடைசி வெள்ளிக்கிழமை கடைசி ஆளாக வந்தவள் முப்பிடாதி. ஊரின் முதல் பெண் வக்கீல்; தென்காசிக் கோர்ட்டுக்குப் போய் வருகிறவள்; திங்கட்கிழமை தன் முதல் வழக்கில் எழுந்து பேசப்போகிறாள். இடது புருவம் முடிகிறவரை கண்ணை மூடிக்கொண்டு கதையைக் கேட்டவள், வலது புருவத்துக்குப் போகுமுன், "அந்தப் பத்திரத்தைக் காட்டுங்க" என்றாள். வாசித்தாள். எழுந்து உட்கார்ந்தாள்.

"எக்கா, இது செல்லாது."

"சுற்றளவா?"

"சுற்றளவும் செல்லாது, ஆரமும் செல்லாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் ஆயிரத்து எண்ணூத்தி எழுபத்திரண்டு, இருபத்தேழாம் பிரிவு. ஒருத்தர் சட்டப்படியான தொழில் செய்யக் கூடாதுன்னு தடுக்கிற ஒப்பந்தம், தடுக்கிற அளவுக்குச் செல்லாது. அவங்ககிட்ட சம்பளம் வாங்கும்போதே எதுத்தாப்புல கடை போடாதன்னு சொன்னா, அது ஞாயம். கடையை நீங்கதான் பேரோட வாடிக்கையோட அவங்களுக்கு வித்தீங்கன்னா, அப்பவும் ஒரு அளவுக்குத் தடுக்கலாம். வேலையை விட்டுட்டுப் போனவளைப் பார்த்து, நீ படிச்ச தொழிலைச் செஞ்சு பிழைக்காதன்னு சொல்ல முடியாது. அவங்க வாடிக்கை நோட்டைக் கீட்டைத் தூக்கிட்டு வந்தீங்களா?"

"நோட்டு எதுக்கு? புருவத்தைப் பார்த்தா எனக்குப் பேரு தெரியும்."

"அது உங்க மண்டையில இருக்கது, அதை யாரும் திருப்பிக் கேக்க முடியாது. கையெழுத்துப் போட்ட அன்னைக்கே இந்த வரி செத்துப்போச்சு எக்கா. வாங்க, இந்த வலது புருவத்தை உங்க வீட்ல உக்காந்தே எடுத்துக்கிடுதேன்."

ஒரு புருவம் எடுத்த வக்கீலும், நாற்காலியைத் தலையில் வைத்த பொன்னுக்கனியும், ஆவுடை மதினியும், நவமணி டீச்சரும், ஷேர் ஆட்டோக்காரர்களும், எங்கே போகிறோம் என்று தெரியாமல் சேர்ந்துகொண்ட ஒரு லாரி கிளீனரும், எல்லாருமாகச் சாக்பீஸ் கோட்டைத் தாண்டி, ரைஸ் மில்லைத் தாண்டி, தெப்பக்குளத்தைத் தாண்டி, சட்டம் முன்னால் போக ஊர் பின்னால் போக முத்தாரம்மன் கோயில் தெருவுக்கு வந்து சேர்ந்தார்கள். சேதி கேட்டு விஜிலாவும் வந்து வாசலில் நின்றாள். முப்பிடாதி நாற்காலியில் சாய்ந்தாள். பொன்னுக்கனி நூலைக் கடித்தாள். கைகள் மேலே போயின, வலது புருவத்தைப் பார்த்தன, இறங்கி மடியில் விழுந்து தூங்கிவிட்டன.

முப்பிடாதி போனில் சட்டத்தை எடுத்து, கைகளுக்கு மேலே குனிந்து, இருபத்தேழாம் பிரிவை முதலில் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலும் உரக்க வாசித்தாள். "செல்லாது" என்கிற இடத்தில் இரண்டு தடவை அழுத்தினாள். வலது கை குறட்டையைக் கொஞ்சம் மாற்றி விட்டது, அவ்வளவுதான்.

"அவுகளுக்கு இங்கிலீஷும் புரியல, தமிழும் புரியல" என்றார் ஒரு ஆட்டோக்காரர்.

"கோர்ட்டு எழுப்பாத கையை யாரு எழுப்ப?" என்றாள் விஜிலா. ஆனால் அதைச் சொன்ன குரலில் ஜெயித்தவளின் காரம் இல்லை. அவள் வாசலை விட்டு உள்ளே வந்து, கூட்டத்தோடு கூட்டமாக நின்று, அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள், தூக்கம் கிடைக்காதவர்கள் தூங்குகிறவர்களைப் பார்க்கிற பார்வையோடு.

பொன்னுக்கனியும் பார்த்தாள். மூன்று மாதமாக அந்தக் கைகளை அவள் திட்டியிருக்கிறாள், கெஞ்சியிருக்கிறாள், வெந்நீரில் முக்கியிருக்கிறாள், ஆனால் பார்த்ததில்லை. வலது ஆள்காட்டி விரலில் நூல் அறுத்து அறுத்து விழுந்த வெள்ளைக் கோடுகள். இடது கட்டைவிரலின் கணுவில் வீங்கி வற்றி வீங்கின காய்ப்பு. நகத்துக்கு ஓரத்தில் போகவே போகாத மருதாணிக் கறை, யாருடைய கல்யாணத்தது என்று தெரியாது. அவை தண்டனை அனுபவிக்கிறவர்கள் மாதிரித் தூங்கவில்லை. பரீட்சை முடிந்த பிள்ளைகள் மாதிரித் தூங்கின.

"வக்கீலம்மா" என்றாள். "அந்த வரியை இன்னொருக்கா வாசி. செல்லாத வரியை."

"இரண்டு வருஷ காலத்துக்கு, பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள், மேற்படி கைத்தொழிலை நான் செய்யக் கடவதில்லை."

"இது தடைன்னு நாமதான் நெனச்சுக்கிட்டிருக்கோம். இவுக லீவுன்னு நெனச்சிருக்காக."

பொன்னுக்கனி மடியில் கிடந்த கைகளைப் பார்த்துக்கொண்டே மேலும் சொன்னாள்:

"பதினோரு வருஷத்துல எல்லாரும் என் கையைப் பார்த்து எடு, எடு, இன்னும் ஒரு ஆளு, இன்னும் ஒரு கல்யாணம்னுதான் சொல்லியிருக்காங்க. நானுந்தான் சொன்னேன். விலகி வந்தேனே, ஒரு நாள் சும்மா இருந்தேனா? புதன்கிழமை விட்டுட்டு வியாழக்கிழமை நாற்காலியைப் போட்டேன். செய்யாதேன்னு இவுகளுக்கு எழுதிக் கொடுத்தது இந்த ஒரு பத்திரம்தான். எழுத்துல கிடைச்ச ஒரே லீவு. கோட்டுக்கு அந்தப் பக்கம் லீவு செல்லாதுன்னு ஒழுங்கா எழுந்து வேலையும் பார்த்திருக்காக, பாவம்."

"அப்பம் என்ன செய்யப் போறே?" என்றாள் ஆவுடை மதினி.

"மதினி, பீரோவுல பூப்போட்ட துண்டு ஒண்ணு இருக்கும், அதை எடுத்து என் கை மேல போத்தி விடுங்க. எல்லாரும் மெதுவா வெளிய போங்க. நடக்கும்போது கொலுசு சத்தம் வேண்டாம்."

அவள் அன்றைக்கு நூலைக் கையிலிருந்து எடுக்கவில்லை, மறுநாளும் எடுக்கவில்லை. நூல் பட்டுக்கொண்டே இருந்ததால் கைகளும் தூங்கிக்கொண்டே இருந்தன. சோறு வடிக்கவும் துணி துவைக்கவும் அவள் அவற்றைக் கூப்பிடவில்லை. கோமதிநாயகம் ரசம் வைக்கப் பழகினான், முதல் நாள் புளி அதிகம், இரண்டாம் நாள் புளியே இல்லை, மூன்றாம் நாளிலிருந்து ரசம். உருண்டை பிடித்து ஊட்டியும் விட்டான். வக்கீல் முப்பிடாதி திங்கட்கிழமை ஒற்றைப் புருவத்தோடு எழுந்து வாதாடினாள், எதிர்த்தரப்பு வக்கீல் அவள் எதையோ சந்தேகப்படுகிறாள் என்று பயந்து வாய்தா கேட்டார். முத்தாரம்மன் கோயில் தெருவில் மிக்ஸி ஓடவில்லை, டவுன் பஸ் முக்குத் திரும்பும்போது ஹாரன் அடிக்கவில்லை, மைக்செட்காரர் ஆடிக் கொடைக்கு வைத்திருந்த குழாய்களின் வாயில் சாக்கைத் திணித்தார். கோயில் பூசாரி மணியின் நாக்கைத் துணியால் சுற்றிவிட்டு, அம்மனுக்கு உதட்டசைவிலேயே விஷயத்தைச் சொல்லிப் பூஜை பண்ணினார். எட்டாம் நாள் குறட்டை மெலிந்து மூச்சாயிற்று. பத்தாம் நாள் காலை டிபன் நேரத்தில், துண்டுக்குள்ளிருந்து முதலில் இடது கை வந்தது, வெளிச்சத்தைப் பார்த்தது, வலது கையைத் தட்டி எழுப்பியது.

பொன்னுக்கனி அவற்றோடு கோமதிநாயகம் முன்னிலையில் பேசினாள். செவ்வாய்க்கிழமை முழு நாள் லீவு. மற்ற நாட்களில் மதியம் ஒரு மணி நேரம். இது பத்து கிலோமீட்டருக்குள்ளும் செல்லும், வெளியிலும் செல்லும். எழுதிக்கொள்ள வேண்டாம், சங்கரநயினார் வேண்டவே வேண்டாம். கைகள் கொஞ்ச நேரம் சும்மா இருந்தன. பிறகு நூலை எடுத்தன. ஆளனுப்பி முப்பிடாதியைக் கூட்டிவந்து, வீட்டு முன்னறையில், பார்லரிலிருந்து நானூறு மீட்டரில், அவளுடைய வலது புருவத்தை எடுத்து முடித்தன. கோமதிநாயகம் திருப்பூர் டிக்கெட்டைக் கிழித்து, கிழித்த சத்தம் போதாது என்று இன்னொரு தடவை கிழித்தான்.

விஜிலா ஆவணி இரண்டாவது முகூர்த்தம் முடிந்த மறுநாள் வந்தாள். சேலை மடிப்புக் கலைந்திருந்தது. அந்த இரண்டு முகூர்த்தத்துக்கும் ஒற்றை ஆளாக நின்று ஏழு கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் பண்ணியிருந்தாள். வாசலில் நின்று பலகையைப் படித்தாள், கீழே புதிதாக "செவ்வாய் விடுமுறை" என்று எழுதியிருந்ததையும் படித்தாள்.

"சண்டைக்கு வந்தீகளா அக்கா?"

"இல்ல. எனக்கு ஐப்ரோ எடுக்க ஆள் இல்ல" என்றாள் விஜிலா. "ஊருக்கெல்லாம் எடுத்துவிடலாம், தனக்குத் தானே எடுக்க முடியுதா? நீ போனதுல இருந்து கண்ணாடியே பாக்கல."

"உக்காருங்க."

விஜிலா நாற்காலியில் சாய்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடினாள். பொன்னுக்கனி நூலைப் பல்லில் கடித்து முறுக்கினாள். முதல் இழுப்புக்கு விஜிலாவின் நெற்றி சுருங்கியது, இரண்டாவதுக்குச் சுருங்கவில்லை. நாலாவது இழுப்பில் எங்கிருந்தோ மெல்லிசாக ஒரு சத்தம் கேட்டது. பொன்னுக்கனி தன் கைகளைப் பார்த்தாள். அவை முழித்துக்கொண்டு வேலையாய்த்தான் இருந்தன. அவள் குனிந்து பார்த்தாள். விஜிலாவின் மடியில், கலைந்த சேலை மடிப்புக்கு மேலே, மோதிரம் போட்ட அந்த இரண்டு கைகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தன.

வாசலில் இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள். பொன்னுக்கனி அவர்களைப் பார்த்து நூலைக் கடித்த பல்லோடு தலையை மட்டும் அசைத்து, உட்காரச் சொல்லிவிட்டு, ஐந்து நிமிஷத்தில் முடிகிற புருவத்தை, ஒரு முடி, கொஞ்சம் நிறுத்தம், இன்னொரு முடி என்று, மதியம் வரைக்கும் எடுத்துக்கொண்டிருந்தாள்.